சர்க்கரைக்குப் பதில் எது? டப்பாவை மாற்றும் முன் செய்ய வேண்டியவை

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து வெள்ளைச் சர்க்கரை டப்பாவை எடுத்துவிட்டோம். அந்த இடத்துக்குக் கருப்பட்டி வந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னது அதுதான்: "கருப்பட்டி நல்லது, சுகருக்கு ஒண்ணும் பண்ணாது." அப்பாவும் நிம்மதியாகக் காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் கருப்பட்டிக் காபி குடித்தார். இரண்டு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை குறையவில்லை, கொஞ்சம் ஏறியே இருந்தது.

அன்று மாலை அப்பா டம்ளரில் போடுவதற்காக உடைத்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டை எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தேன். 18 கிராம். முன்பு அவர் போட்டுக்கொண்டிருந்த இரண்டு ஸ்பூன் சர்க்கரையை நிறுத்துப் பார்த்தால் 9 கிராம்தான். கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரையே. ஆக, சர்க்கரையை விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு முன்னைவிட அதிகமாகவே குடித்திருக்கிறார். கருப்பட்டி மேல் தப்பில்லை, "நல்லது" என்று சொன்னதும் அளவு பார்ப்பதை நாங்கள்தான் விட்டுவிட்டோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்தது இன்னும் எத்தனையோ வீடுகளில் நடந்துகொண்டிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்த இனிப்பு நல்லது என்று கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் மூன்று நாள் கணக்கெடுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம், எப்போதும் போலச் சாப்பிடுங்கள். ஆனால் மூன்று நாளைக்கு, வாய்க்குள் போகிற இனிப்பையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். டீயில் எத்தனை ஸ்பூன், அது தட்டையான ஸ்பூனா குவித்த ஸ்பூனா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தட்டையாக எடுத்தால் ஒரு டீஸ்பூனில் 4 கிராம் சர்க்கரை நிற்கும். நம் வீடுகளில் போடுகிற மாதிரி குவித்து எடுத்தால் 6 கிராமைத் தாண்டிவிடும். தராசு இருந்தால் உங்கள் ஸ்பூனை ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு கண்ணே கணக்குச் சொல்லிவிடும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் ஓர் அளவு சொன்னது. நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு இவற்றிலிருந்து வரும் இனிப்பு, ஒரு நாள் உணவுச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், அதில் பாதியாக, அதாவது 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு முதல் அளவு 50 கிராம், இரண்டாவது 25 கிராம். இரண்டு ஸ்பூன் போட்ட டீயை மூன்று வேளை குடித்தாலே 25 கிராம் முடிந்துவிடுகிறது. பிஸ்கட், சத்துமாவுப் பானம், கடையில் வாங்கும் ஜூஸ், கூல் டிரிங்க்ஸ் எல்லாம் அதற்கு மேல்தான். சாதாரண கோலா பானத்தில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கும் மேல் சர்க்கரை இருக்கும். 300 மில்லி பாட்டில் ஒன்றே அந்த 25 கிராமைத் தாண்டிவிடுகிறது.

முழுப் பழத்தையும் வெறும் பாலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. பழத்தைப் பிழிந்து சாறாக்கினால் சேர்க்க வேண்டும்.

மூன்று நாள் தாளைப் பார்த்ததும் எங்கே அதிகம் போகிறது என்பது தெரிந்துவிடும். பலருக்கு அது டீயாக இருக்காது, மாலை நேர பிஸ்கட்டாக இருக்கும். அப்படியென்றால் டீயில் சர்க்கரையை மாற்றி என்ன பயன்?

யாருக்காக என்று முடிவு செய்யுங்கள்

ஒரே பதில் எல்லோருக்கும் பொருந்தாது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருப்பதுதான் முக்கியம். உடல் எடை குறைக்க நினைப்பவருக்குக் கலோரி. குழந்தைக்கு எந்த மாற்று இனிப்பும் தேவையில்லை, இனிப்பைக் குறைவாகப் பழக்கினால் போதும். செயற்கை இனிப்பு கலந்த பல பாக்கெட்டுகளிலேயே குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அச்சிட்டிருப்பார்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். குறிப்பாகச் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு நஞ்சுக்கொடி வழியே கருவுக்குப் போகக்கூடியது என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்வதே வழக்கம்.

நோய் எதுவும் இல்லாத, எடையும் சரியாக இருக்கிற ஒருவர், நாளைக்கு இரண்டு மூன்று ஸ்பூன் சர்க்கரையோடு நிறுத்திக்கொள்கிறார் என்றால் அவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பயந்துபோய் விலை உயர்ந்த பாக்கெட்டுகளை வாங்கிக் குவிப்பவர்களில் பலர் இந்த வகைதான்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன்: நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

வெள்ளைச் சர்க்கரை என்பது சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கைகோத்து நிற்பதுதான் சுக்ரோஸ். கரும்புச் சாற்றைக் காய்ச்சி, சுத்தம் செய்து, பழுப்பு நிறப் பாகைப் பிரித்து எடுத்துவிட்டால் வெள்ளைப் படிகம் கிடைக்கிறது. அந்தப் பாகைப் பிரிக்காமல் அப்படியே காய்ச்சி இறுக்கினால் வெல்லம், பொடியாகக் கிளறி எடுத்தால் நாட்டுச் சர்க்கரை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுத்தால் கருப்பட்டி. நிறமும் மணமும் ருசியும் வேறு வேறுதான், ஆனால் எல்லாவற்றிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ். குடலுக்குள் போனதும் அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. கரும்பிலிருந்து வந்ததா பனையிலிருந்து வந்ததா என்று உடம்பு கேட்பதில்லை.

"வெல்லத்தில் இரும்புச் சத்து இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் 100 கிராம் வெல்லத்தில் சில மில்லிகிராம்தான். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. டீயில் 10 கிராம் வெல்லம் போட்டால் அரை மில்லிகிராம் அளவுக்குத்தான் வரும். அதையும் டீயில் இருக்கிற டானின் என்ற துவர்ப்புப் பொருள் முழுசாக உடம்பில் சேர விடாது. ரத்தசோகைக்குக் கீரை, பயறு, ஈரல், மருத்துவர் தரும் மாத்திரை என்று போக வேண்டுமே தவிர வெல்லத்தை நம்பிப் போகக் கூடாது.

தேன் கொஞ்சம் வேறு மாதிரி. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர், மீதி பெரும்பாலும் ஏற்கெனவே பிரிந்து நிற்கும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். சர்க்கரையைவிட இனிப்பு சற்றுத் தூக்கலாக இருப்பதால் கொஞ்சம் குறைவாக ஊற்றலாம். ஆனால் தேன் கனமானது, ஒரு டீஸ்பூன் 7 கிராம் வரை வரும், கலோரியும் தட்டையான ஒரு ஸ்பூன் சர்க்கரையைவிடச் சற்றுக் கூடிவிடும். காலையில் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் தேன் விட்டுக் குடிப்பவர்கள் அதையும் தாளில் எழுத வேண்டும். இன்னொன்று: ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் விதைகள் பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து, நரம்பைத் தளர வைக்கும் நஞ்சை உண்டாக்கலாம். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவும் வழக்கம் உள்ள வீடுகளில் இதைப் பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

அப்படியானால் கருப்பட்டியை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அந்த ருசிக்கு ஈடு கிடையாது. பனையேறிகளின் உழைப்பும் அதில் இருக்கிறது. ருசிக்காக வாங்குங்கள், மருந்தாக நினைத்து வாங்காதீர்கள். சர்க்கரையின் கணக்கிலேயே கருப்பட்டியையும் எழுதுங்கள். வாங்கும்போது சர்க்கரைப் பாகு கலந்ததா என்று கவனியுங்கள். கலப்படம் இதில் தாராளமாக நடக்கிறது, தெரிந்த ஆளிடம் வாங்குவதுதான் நல்லது.

பேரீச்சம்பழ லட்டு, அத்திப்பழ பர்ஃபி என்று "சர்க்கரை சேர்க்காதது" எனப் போட்டு விற்பதும் இந்த வகையில்தான் வரும். உலர்ந்த பேரீச்சையில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். நார்ச்சத்து இருப்பது நல்லது, அதற்காக ஐந்து லட்டு சாப்பிட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

கலோரி இல்லாத இனிப்புகள்

இவற்றின் பெயரைக் கேட்டாலே ஒரு கூட்டம் "கேன்சர் வரும்" என்று பயப்படுகிறது, இன்னொரு கூட்டம் பயமே இல்லாமல் அள்ளிப் போடுகிறது. இரண்டும் தேவையில்லை.

சுக்ரலோஸ் சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு. சர்க்கரை மூலக்கூற்றில் மூன்று இடங்களில் குளோரினை ஏற்றிச் செய்கிறார்கள். பெரும்பகுதி உடம்பில் உடையாமல் அப்படியே வெளியேறிவிடுகிறது. உணவுச் சேர்க்கைகளுக்கான பன்னாட்டு நிபுணர் குழு வைத்திருக்கும் உச்ச வரம்பு, உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 900 மில்லிகிராம். ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு ஈடான இனிப்புக்கு வேண்டியது 8 மில்லிகிராம் போலத்தான், ஆக ஒரு நாளைக்கு ஆறு தடவை போட்டாலும் வரம்புக்கு வெகு கீழேதான் இருப்போம். சென்னையில் சர்க்கரை நோயாளிகளிடம் 12 வாரம் ஓர் ஆய்வு நடந்தது. டீ, காபியில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சியில் பெரிய மாற்றம் இல்லை, எடையும் இடுப்பளவும் சிறிதளவு குறைந்தன. இதை அப்படியே புரிந்துகொள்ளுங்கள்: கெடுதல் செய்யவில்லை, அற்புதமும் செய்யவில்லை.

கொதிக்கும் டீயில் சுக்ரலோஸ் போடலாம். ஆனால் கேக் சுடுவது, எண்ணெயில் பொரிப்பது போன்ற அதிகச் சூட்டுக்கு வேண்டாம். 120 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் வேண்டாத குளோரின் சேர்மங்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் உணவுப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2019இல் எச்சரித்திருக்கிறது.

அஸ்பார்டேம் சுமார் 200 மடங்கு இனிப்பு. 2023 ஜூலையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை 2பி என்ற பட்டியலில் வைத்தது. புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பு உண்டா என்பதற்குச் சான்று குறைவாக இருக்கும் பொருள்களின் பட்டியல் அது. அதே நாளில் நிபுணர் குழு, கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்ற வேண்டியதில்லை என்றும் சொன்னது. செய்தியில் முதல் பாதிதான் பரவியது. 70 கிலோ எடை உள்ள ஒருவர் ஒரு நாளைக்கு 9 முதல் 14 கேன் டயட் கோலா குடித்தால்தான் அந்த வரம்பைத் தாண்டுவார். கவனிக்க வேண்டியது வேறு: ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. அப்புறம், அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் இதன் இனிப்பு போய்விடும். இறக்கி வைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

சீனித்துளசி என்று நாம் சொல்லும் ஸ்டீவியா, பராகுவே நாட்டுச் செடி. அங்குள்ள குவாரனி மக்கள் காலங்காலமாக இனிப்புக்குப் பயன்படுத்தி வந்தது. இதில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்பானது என்று அனுமதித்திருப்பது இலையிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த ஸ்டீவியால் கிளைக்கோசைடை. காய்ந்த இலையையும் இலைப்பொடியையும் பற்றி அந்த அளவுக்குச் சோதனைகள் இல்லை. "இலைதானே, இயற்கைதானே" என்று ஸ்பூன் ஸ்பூனாகப் போடாதீர்கள். ருசியைப் பொறுத்தவரை கடைசியில் நாக்கில் ஒரு கசப்பு தங்கும், அதிமதுரத்தை மென்றது போல. பால் டீயில் அது நன்றாகவே தெரியும். எலுமிச்சைச் சாறு, மோர்ப்பானம் போன்ற புளிப்பானவற்றில் அவ்வளவாகத் தெரியாது.

அதிமதுரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சிலர் சர்க்கரைக்குப் பதில் அதையே தினமும் டீயில் போடுகிறார்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இதைச் செய்யவே வேண்டாம். அதில் இருக்கும் கிளிசிரைசின் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும்.

எரித்ரிட்டால் சர்க்கரையைப் போலவே படிகமாக, வாயில் போட்டால் ஜில்லென்று இருக்கும். கலோரி அநேகமாக இல்லை. 2023இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள், ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததைக் கவனித்தார்கள். உடம்பே எரித்ரிட்டாலைக் கொஞ்சம் உண்டாக்கும் என்பதால் சாப்பிட்டதுதான் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் ஸ்டென்ட் வைத்தவர்கள், இதய நோய் உள்ளவர்கள், மாவுச்சத்தைக் குறைக்கும் கீட்டோ உணவுமுறைக்கென்று விற்கும் கேக், ஐஸ்கிரீம் என்று இதைக் கிராம் கணக்கில் சாப்பிடாமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம். சுகர் ஃப்ரீ சாக்லேட்டில் வரும் மால்டிட்டால் கலோரி உள்ளது, ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். நாலு துண்டுக்கு மேல் போனால் வயிறு கலக்கிவிடும்.

2023 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம், எடையைக் குறைப்பதற்காக இந்தச் சர்க்கரையல்லாத இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நீண்ட நாள் பயன்படுத்தியவர்களுக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டன என்பது ஒரு காரணம். ஏற்கெனவே எடை கூடியவர்கள்தான் இவற்றை அதிகம் தேடிப் போகிறார்கள் என்பதால் எது காரணம் எது விளைவு என்று பிரிப்பது கஷ்டம். அந்தப் பரிந்துரை, ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அல்ல என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்தில் பச்சை இலைப் படமும் "நேச்சுரல்" என்ற எழுத்தும் பெரிதாக இருக்கும். அதை விட்டுவிட்டுப் பின்பக்கம் வாருங்கள். சேர்மானப் பட்டியலில் ஐஎன்எஸ் என்று போட்டு ஓர் எண் இருக்கும். 950 அசிசல்ஃபேம் பொட்டாசியம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, 965 மால்டிட்டால், 968 எரித்ரிட்டால். போனில் இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால் கடையிலேயே தெரிந்துகொள்ளலாம். "ஸ்டீவியா" என்று எழுதிய டப்பாவில் பெரும்பகுதி எரித்ரிட்டாலாக இருப்பது சாதாரணம். சாஷே பொடிகளில் மால்டோடெக்ஸ்ட்ரின் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் இருக்கும், 600 மடங்கு இனிப்பான பொருளைக் கையில் எடுக்கிற மாதிரி ஆக்குவதற்காகச் சேர்ப்பது. அதுவும் மாவுச்சத்து அல்லது குளுக்கோஸ்தான். ஒரு சாஷேயில் ஒரு கிராமுக்குள் என்பதால் டீக்குப் பரவாயில்லை. கப் கணக்கில் பாயசத்துக்குக் கொட்டினால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. மாத்திரை வடிவத்தில் இந்தத் தொல்லை குறைவு.

சுகர் ஃப்ரீ என்று எழுதிய பிஸ்கட்டில் மைதா இருக்கிறதே, அதை மறக்க வேண்டாம். மைதாவும் குளுக்கோஸாகத்தான் மாறும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மைசூர்பாகு, அதிரசம், கடலை மிட்டாய் இவற்றை எந்த மாற்று இனிப்பிலும் செய்ய முயல வேண்டாம். பாகு பதம் என்பதே சர்க்கரை செய்கிற வேலை, சுக்ரலோஸில் கம்பி வராது. தீபாவளிக்கு உண்மையான மைசூர்பாகில் ஒரு சின்னத் துண்டு சாப்பிட்டுவிட்டு அன்றைக்குச் சோற்றைக் குறைப்பதே மேல்.

இனிப்பைக் குறைக்கும் வேலை

எந்த டப்பாவை வாங்கினாலும் இதைச் செய்யாவிட்டால் பயன் குறைவு. இரண்டு ஸ்பூன் போடுகிறவர் முதல் வாரம் ஒன்றே முக்கால் போடுங்கள். அடுத்த வாரம் ஒன்றரை. வாரத்துக்குக் கால் ஸ்பூன் குறைத்தால் நாக்குக்குத் தெரியாது, ஒன்றரை மாதத்தில் அரை ஸ்பூனில் வந்து நிற்பீர்கள். நடுவில் ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே அளவிலேயே இன்னொரு வாரம் இருங்கள். டிகாக்‌ஷனைக் கொஞ்சம் இளசாகப் போட்டால் கசப்பு குறையும், இனிப்பும் குறைவாகவே தேவைப்படும். டீயில் ஏலக்காய், சுக்கு தட்டிப் போடலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரேயடியாக விட முடியாதபோது, இந்த இடைக்காலத்துக்குச் சுக்ரலோஸ் மாத்திரையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அப்பா அப்படித்தான் செய்தார். ஒன்றில் தொடங்கி, பிறகு மாத்திரையை நகத்தால் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டார். இப்போது காலையில் வெறும் பால் காபி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கருப்பட்டிக் காபி. அதற்கும் துண்டைத் தராசில் வைத்து 6 கிராம் என்று பார்த்துத்தான் போடுகிறார்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் உங்கள் உடம்பையே கேட்டுவிடலாம். இரண்டு நாள் ஒரே மாதிரிக் காலை உணவு, ஒரே அளவு சாப்பிடுங்கள். ஒரு நாள் நாட்டுச் சர்க்கரை டீ, மறுநாள் சர்க்கரை இல்லாத டீ. சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து இரண்டு நாளும் விரலில் குத்திப் பாருங்கள். ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாமல் இரண்டு மூன்று தடவை பாருங்கள். தூக்கம், நடைப்பயிற்சி எல்லாமே அந்த எண்ணை மாற்றும்.

வெள்ளைச் சர்க்கரையை முழுக்க ஒழித்துவிடாதீர்கள்

இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சில சமயம் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல். அந்த நேரத்தில் சுகர் ஃப்ரீ மாத்திரை போட்ட டீ கொடுத்தால் பயனில்லை, இறங்கிய சர்க்கரை ஏறாது. நிஜமான சர்க்கரை அல்லது குளுக்கோஸ் 15 கிராம், அதாவது தட்டையாக மூன்று நான்கு டீஸ்பூன், தண்ணீரில் கலந்து உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துப் பரிசோதித்து, ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு தடவை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்கு அழையுங்கள்.

எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரையும் அளவு ஸ்பூனும் போட்டு, "லோ சுகருக்கு மட்டும்" என்று பெரிய எழுத்தில் ஒட்டி, அப்பா கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். அது எங்கே இருக்கிறது என்பது வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.